அவிழாத முடிச்சைப் போட்டவர்

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கொட்டகை. அதன் முன்னால் பாதி புதைத்து நிறுத்திய பழைய டயர். அதன் மேல் வெள்ளை வண்ணத்தில் வல்கனைசிங் என்ற எழுத்து. பஞ்சர் ஒட்டும் கடைக்கான இந்த அடையாளத்தைக் காணாமல் நம்மில் எவரும் நூறு கிலோமீட்டர் பயணம் செய்திருக்க முடியாது. ரோமானியரின் நெருப்புக் கடவுளான வல்கனின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. சூட்டியவர் வில்லியம் ப்ராக்கெடன் என்ற ஆங்கிலேயர். அச்சொல் குறிக்கும் செயலை முதலில் செய்து காட்டியவரோ ஓர் அமெரிக்கர். கடனாளியாகவே வாழ்ந்து கடனாளியாகவே மறைந்தவர். அவர் பெயர் சார்லஸ் குட்இயர்.

கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஆண்டுகளில் அவருடைய கதையை நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று கைதவறிச் சூடான அடுப்பின்மேல் விழுந்தது. அது உருகவில்லை, உறுதியடைந்தது. ரப்பரின் சிக்கல் அன்றோடு தீர்ந்தது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் கதை. வகுப்பும் விரும்பிக் கேட்கும். இன்று திரும்பிப் பார்க்கையில், அக்கதையில் நான் இரண்டு இடங்களில் தவறியிருக்கிறேன் என்று தெரிகிறது. அது கைதவறிக் கிடைத்த வெற்றியன்று. அதற்கு முன் ஐந்து ஆண்டுகளும் பின் ஐந்து ஆண்டுகளும் ஒரு குடும்பம் முழுவதும் பட்டினி கிடந்திருக்கிறது. இரண்டாவது, ரப்பரின் சிக்கல் அன்றோடு தீரவில்லை. ஒரு சிக்கல் தீர்ந்து, இன்னொன்று தொடங்கியது. அந்த இரண்டாவது சிக்கலை அவிழ்க்கத்தான் இன்று வேதியியலாளர்கள் முயல்கிறார்கள்.

குட்இயர் 1800ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். தந்தை அமாசா குட்இயர் இரும்புச் சாமான்களும் பண்ணைக் கருவிகளும் செய்து விற்றவர். புதியன புனைவதில் அவருக்கும் நாட்டம் உண்டு. மகன் தந்தையின் தொழிலிலேயே வளர்ந்தார். 1824இல் கிளாரிசா பீச்சரை மணந்தார். 1826இல் ஃபிலடெல்ஃபியா நகரில் இரும்புக் கடை திறந்தார். நான்கே ஆண்டுகளில் கடை நொடித்தது. கடனைத் திருப்பித் தராதவரைச் சிறையில் அடைக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அன்று தொடங்கி, அவருடைய வாழ்க்கையில் கடன்காரர் சிறை ஓர் உறவினர் வீடுபோல் ஆகிவிட்டது. எப்போது அழைப்பு வரும் என்று தெரியாது, வந்தால் போய்த் தங்கித்தான் ஆக வேண்டும்.

1834இல் அவர் நியூயார்க்கில் ராக்ஸ்பரி இந்தியா ரப்பர் நிறுவனத்தின் கடைக்குள் நுழைந்தார். அங்கே விற்பனைக்கு இருந்த உயிர்காப்பு மிதவையின் காற்றடைப்பு வால்வு அவருக்குச் சரியாகப் படவில்லை. ஊர் திரும்பி, அதைவிட நல்ல வால்வு ஒன்றை வடிவமைத்துக் கொண்டுவந்து காட்டினார். கடைப் பொறுப்பாளர் வால்வைப் பாராட்டினார், ஆனால் வாங்கவில்லை. மிதவையே நிலைக்காதபோது வால்வு எதற்கு என்பது அவர் நிலை. கோடையில் நிறுவனத்தின் சரக்கெல்லாம் இளகி நாற்றமெடுத்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் அதே சரக்கு விறைத்து உடைந்தது. ரப்பர் மோகத்தில் முதலீடு செய்தவர்கள் நாடெங்கும் கையைச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. ரப்பரைப் பக்குவப்படுத்துபவர் பெருஞ்செல்வர் ஆவார் என்ற எண்ணத்தோடு குட்இயர் அக்கடையை விட்டு வெளியேறினார். வேதியியல் அவர் படித்ததில்லை. கையில் பணமும் இல்லை.

முதல் சோதனைகளை அவர் செய்த இடம் ஃபிலடெல்ஃபியாவின் சிறை. மனைவியிடம் சொல்லிக் கொஞ்சம் கச்சா ரப்பரையும், சமையலறையில் மாவு தேய்க்கும் உருளைக்கட்டையையும் வரவழைத்துக்கொண்டார். ரப்பரைப் பிசைந்தார், தேய்த்தார். ஒட்டும் பொருளோடு உலர்ந்த பொடியைக் கலந்தால் ஒட்டாமல் போகும் என்பது சாதாரண மனிதனின் தர்க்கம். பிசுபிசுக்கும் மாவில் உலர்மாவு தூவுவதைப் போன்றது. அவர் மெக்னீசியாவைக் கலந்தார். ரப்பர் வெண்மையாக, அழகாக வந்தது. அதைக் கொண்டு நூற்றுக்கணக்கான காலணிகளை மனைவி மக்களோடு வீட்டிலேயே செய்து வைத்தார். கோடை வந்தது. காலணிகள் குழம்பாயின. அக்கம்பக்கத்தார் நாற்றம் தாளாமல் முறையிட்டனர். அவர் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தார்.

அடுத்து, சுண்ணாம்பு நீரில் ரப்பரைக் கொதிக்கவைத்தார். பிசுபிசுப்பு நீங்கியது. 1835இல் ஒரு கண்காட்சியில் பதக்கமும் கிடைத்தது. பின்னர்தான், ஒரு சொட்டு வினிகரோ பழச்சாறோ பட்டால்கூடப் பழைய பிசுபிசுப்பு திரும்பிவிடுகிறது என்பது தெரிந்தது. இன்றைய வேதியியலார் மீளத்தக்க பிணைப்பு என்று போற்றும் பண்பு, அன்று அவருடைய பிழைப்பைக் கெடுத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அதற்கடுத்து, ரப்பர்த் துணியின் மேல் பூசிய வெண்கல நிறத்தை நீக்க நைட்ரிக் அமிலம் ஊற்றினார். துணி கறுத்துப் போனதால் தூக்கி எறிந்தார். சில நாள் கழித்து, எறிந்ததை எடுத்துப் பார்த்தபோது அதன் மேற்பரப்பு ஒட்டாமல் வழுவழுப்பாக இருந்தது. அமில ஆவியோடு மூடிய அறையில் பணியாற்றி மூச்சுத் திணறி, காய்ச்சலில் பல வாரங்கள் படுத்தும் கிடந்தார். இந்த முறைக்குக் காப்புரிமை பெற்று ஒரு கூட்டாளியையும் பிடித்தார். 1837இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தன, கூட்டாளி மூழ்கினார். ஸ்டேட்டன் தீவில் கைவிடப்பட்ட ரப்பர் ஆலைக்குள் குடும்பம் குடியேறியது. கடலில் பிடித்த மீனே அவர்களுக்கு உணவாக இருந்தது.

அஞ்சல் பைகளின் கதையை நான் வகுப்பில் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும். நைட்ரிக் அமில முறையில் ரப்பர் பூசிய 150 அஞ்சல் பைகளை அமெரிக்க அரசு அவரிடம் கேட்டது. அவர் வாழ்வில் அதுவரை கிடைத்தவற்றில் பெரிய வாய்ப்பு அது. பைகளைச் செய்து முடித்து, வெப்பமான ஓர் அறையில் வைத்துவிட்டு, குடும்பத்தோடு சில வாரங்கள் ஓய்வுக்குச் சென்றார். திரும்பி வந்து அறையைத் திறந்தபோது, பைகள் இளகித் தம் எடையைத் தாமே தாங்க முடியாமல் கைப்பிடிகளிலிருந்து கழன்று கொண்டிருந்தன. அமிலம் மேல்தோலை மட்டுமே மாற்றியிருந்தது. உள்ளே இருந்தது பழைய பிசின்தான். ஊரார் முன் தலைகுனிவு. நண்பர்கள் இனி ரப்பரை விட்டுவிடும்படி மன்றாடினர். அவர் கேட்கவில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோபர்ன் என்ற சிற்றூரில் நத்தேனியல் ஹேவர்ட் என்பவர், ரப்பரோடு கந்தகம் கலந்து வெயிலில் காயவைத்துக் கொண்டிருந்தார். குட்இயர் அவருடைய முறையைக் காப்புரிமையோடு விலைக்கு வாங்கினார். 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பில் பட்டது. எப்படிப் பட்டது என்பதற்குப் பல கதைகள் உண்டு. பட்ட இடம் உருகவில்லை, தோல்போல் கருகியது. கருகிய இடத்துக்கும் கருகாத இடத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய ஓரம் மட்டும் கருகாமலும் ஒட்டாமலும் இருந்தது. அந்த ஓரத்தைக் கண்டதுதான் கண்டுபிடிப்பு. அன்றிரவு அத்துண்டைக் கடுங்குளிரில் வீட்டுக் கதவுக்கு வெளியே ஆணியடித்து மாட்டினார். காலையில் எடுத்துப் பார்த்தார், விறைக்காமல் வளைந்தது. உடனிருந்தவர்களுக்கு அது இன்னொரு ரப்பர்த் துண்டு. இவற்றைத் தற்செயல் என்று சொல்வதைப் பின்னாளில் குட்இயர் ஏற்கவில்லை. ஆப்பிள் விழுவதை எல்லோரும்தான் பார்த்தார்கள், அதிலிருந்து பொருள் கொள்ள ஏற்கெனவே அதைப் பற்றிச் சிந்தித்துக் கொண்டிருந்த மனம் வேண்டியிருந்தது என்ற கருத்தில் அவர் தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்த நூலில் தம்மை அவர் படர்க்கையிலேயே குறிப்பிடுகிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

அடுப்பில் கண்டதை மீண்டும் மீண்டும் ஒரே தரத்தில் செய்து காட்ட வேண்டுமே! எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம், எவ்வளவு கந்தகம்? கிளாரிசா ரொட்டி சுடும் அடுப்பில் ரப்பர் வெந்தது. கெண்டியின் வாய் ஆவியில், சுடு சாம்பலில், பக்கத்து வீட்டாரின் அடுப்புகளில், பட்டறைகளின் உலைகளில் எல்லாம் அவர் இடம் கேட்டார். வீட்டுச் சாமான்கள் அடகுக்குப் போயின. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களை விற்றார். கடும் பனிப்புயலில், உடல்நலமின்றி, பல மைல் நடந்து சென்று ஒருவரிடம் உதவி கேட்டு வீடு திரும்பிய நாளும் உண்டு. 1840இல் ஒரு குழந்தை இறந்தபோது அடக்கம் செய்யக் கையில் காசில்லை. அவருக்குப் பிறந்த 12 பிள்ளைகளில் ஆறு பேர் சிறு வயதிலேயே மாண்டனர்.

இந்த இடத்தில் நம்முடைய வாழ்க்கை வரலாற்று நூல்கள் அவருடைய விடாமுயற்சியைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடும். என்னால் அப்படி நகர முடியவில்லை. விடாமுயற்சி அவருடையது, அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு. கிளாரிசா எழுதிய வாழ்க்கை வரலாறு ஒன்று நம்மிடம் இருந்திருந்தால், அடுப்பின் கதை அதில் எந்த இடத்தைப் பெற்றிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

கம்பளித் தொழிலில் செல்வரான மைத்துனர் வில்லியம் டிஃபாரஸ்ட் கடைசியில் கைகொடுத்தார். 1844ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று 3633ஆம் எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை குட்இயருக்குக் கிடைத்தது. 25 பங்கு ரப்பர், 5 பங்கு கந்தகம், 7 பங்கு ஈய வெள்ளை. ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் வெப்பம். ஐந்தாண்டுப் பட்டினியின் சாரம் இந்த ஒற்றை வரி. ஆனால் இங்கிலாந்தில் அவர் முந்திக்கொள்ளவில்லை. அவருடைய மாதிரித் துண்டுகள் முன்னதாகவே அங்கே போயிருந்தன. ப்ராக்கெடன் வழியே அவற்றைக் கண்ட தாமஸ் ஹான்காக், மேற்பரப்பில் படிந்த கந்தகத் தூளைக் கவனித்து, தாமும் உழைத்து, 1843 நவம்பரில் சில வார இடைவெளியில் ஆங்கிலக் காப்புரிமைக்கு முந்திவிட்டார். ஹான்காக் திருடினார் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவரும் பல்லாண்டுகள் ரப்பரோடு போராடியவர். மாதிரியை வெளியே அனுப்பும் முன் காப்புரிமை கேட்க வேண்டும் என்ற வணிக புத்தி குட்இயருக்கு இல்லாமல் போனது என்பதே உண்மை.

அமெரிக்காவிலும் காப்புரிமையை மீறினார்கள். 1852இல் நியூ ஜெர்சியின் ட்ரென்டன் நகரில் ஹொரேஸ் டே என்பவருக்கு எதிராக நடந்த வழக்கில், அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த டேனியல் வெப்ஸ்டரே குட்இயருக்காக வாதாடினார். கட்டணம் 15,000 டாலர். வழக்கு வென்றது. ஆனாலும் பணம் அவரிடம் தங்கவில்லை. உரிமங்களை மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். வந்ததையும் மேலும் சோதனைகளில் கரைத்தார். 1851 லண்டன் கண்காட்சியில் 30,000 டாலரும், 1855 பாரிஸ் கண்காட்சியில் 50,000 டாலரும் செலவிட்டு, மேசை நாற்காலி முதல் அணிகலன் வரை ரப்பராலேயே ஆன கூடங்களை அமைத்தார். பணத்தாள், இசைக்கருவி, கொடி, பாய்மரத் துணி என எல்லாமே ரப்பரில் வர வேண்டும் என்பது அவர் ஆசை. தம் உருவப்படத்தைக் கெட்டி ரப்பர்ப் பலகையில் தீட்டச் செய்தார். தம் நூலின் சில படிகளை ரப்பர்த் தாளிலேயே அச்சிட்டார். ஒன்றை மட்டும் அவர் பெரிதாக எண்ணவில்லை: சக்கரத்துக்கு ரப்பர்.

கிளாரிசா 1853இல் இங்கிலாந்தில் காலமானார். 1855இல் பாரிஸ் கண்காட்சி குட்இயருக்குப் பெரும் பதக்கத்தை வழங்கியது. அதே ஆண்டில் அவருடைய பிரெஞ்சுக் காப்புரிமை ஒரு சட்ட நுணுக்கத்தால் செல்லாமல் போனது. கடன்காரர்கள் பாரிஸின் க்ளிஷி சிறையில் அவரை அடைத்தார்கள். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அளித்த உயர் விருதான லெஜியன் ஆஃப் ஹானர் சிலுவை, சிறையில்தான் மகன் கையால் அவரை வந்தடைந்தது. 1860ஆம் ஆண்டு, மரணப் படுக்கையில் இருந்த மகளைக் காணப் புறப்பட்டு நியூயார்க்கில் இறங்கியபோது, அவள் இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. அந்நகரின் விடுதி ஒன்றில் ஜூலை 1 அன்று அவரும் மறைந்தார். விட்டுச் சென்றது ஏறத்தாழ 2,00,000 டாலர் கடன். அவர் பெயரைத் தாங்கிய புகழ்பெற்ற டயர் நிறுவனம் 1898இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பிறந்தது. மதிப்பின் அடையாளமாகச் சூட்டிய பெயரே தவிர, குட்இயர் குடும்பத்துக்கும் அந்த நிறுவனத்துக்கும் உறவில்லை.

தாம் செய்தது என்ன என்பது குட்இயருக்குத் தெரியாது. யாருக்குமே தெரிந்திருக்க முடியாது. ரப்பர் என்பது மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது என்ற கருத்தை ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஷ்டவுடிங்கர் 1920இல்தான் முன்வைத்தார். அதையே பலர் நம்ப மறுத்தனர். நோபல் பரிசு வர 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கச்சா ரப்பரில் இந்தச் சங்கிலிகள், குவித்து வைத்த நூல்கள்போல் ஒன்றோடொன்று பிணைப்பின்றிக் கிடக்கின்றன. சூடேறினால் வழுக்கி விலகும், குளிர்ந்தால் விறைக்கும். கந்தகமும் வெப்பமும் சேரும்போது, ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே கந்தக அணுக்கள் சில பாலமாக அமைகின்றன. நூல் குவியல் வலையாகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய வடிவுக்கு வரும், வெயிலில் வழியாது. வலையை மீண்டும் நூலாக்க வேண்டுமானால்? அறுக்கத்தான் வேண்டும். ஒரு டயர் என்பது, சற்று மிகைப்படுத்திச் சொன்னால், ஒரே ஒரு மாபெரும் மூலக்கூறு. அதை உருக்கி வேறு வார்க்க முடியாது. இட்லி மாவு இட்லியான பின் மீண்டும் மாவாகாது என்பதைப் போல.

அந்த மீளாத் தன்மைதான் குட்இயர் தேடியது. அதுதான் நம் கையில் குவிந்திருப்பதும். 1972 வாக்கில் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கரைக்கு அப்பால், செயற்கைப் பவளப்பாறை அமைக்கிறோம் என்று சொல்லி ஏறத்தாழ 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் இறக்கினார்கள். தொடக்க விழாவில் குட்இயர் நிறுவனத்தின் வான்கப்பல் பொன்வண்ணம் பூசிய டயர் ஒன்றை மேலிருந்து போட்டது. கட்டுகள் அறுந்தன, டயர்கள் உருண்டு இயற்கைப் பவளத்தையே மோதி அழித்தன. அவற்றை வெளியே எடுக்கப் பின்னர் இராணுவ முக்குளிப்போரை இறக்க வேண்டியதாயிற்று. 1983இல் வர்ஜீனியாவின் வின்செஸ்டர் அருகே ஏறத்தாழ 70 லட்சம் டயர்கள் குவிந்த மேடு ஒன்று தீப்பிடித்து, ஒன்பது மாதங்கள் புகைந்தது. பொடியாக்கிச் சாலையில் கலப்பது, சிமென்ட் சூளையில் எரிப்பது, காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் வடிப்பது என்று இன்று செய்பவை எல்லாம் டயரின் பிணத்துக்கு நாம் கண்ட வழிகள். டயரிலிருந்து மீண்டும் அதே தரமான டயர் பிறப்பதில்லை.

மாட்டைத் தொழுவத்தில் கட்டும்போது விவசாயி போடும் முடிச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு இழுக்க இழுக்க இறுகும். விவசாயி நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் அவிழும். மூலக்கூறுகளுக்கிடையே அத்தகைய முடிச்சைப் போட முடியுமா என்பதுதான் கடந்த சில பத்தாண்டுகளின் கேள்வி. 2008இல் லுட்விக் லைப்லரும் அவருடைய குழுவினரும் தாவர எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலங்களையும் யூரியாவையும் கொண்டு ஒரு ரப்பரைச் செய்தார்கள். அதில் கந்தகப் பாலம் இல்லை. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டும். பல மடங்கு நீளும், விட்டால் திரும்பும். கத்தியால் அறுத்து, அறுபட்ட முகங்களைச் சேர்த்து அறை வெப்பத்திலேயே அழுத்திப் பிடித்தால் மீண்டும் ஒன்றாகும். பசை இல்லை, சூடு இல்லை. இது நிகழ்ந்த ஆய்வகம் பாரிஸில் இருக்கிறது. குட்இயர் சிறையிருந்த அதே நகரம்.

அதே குழு 2011இல் இன்னொரு வழியைக் காட்டியது. பிணைப்புகள் உறுதியானவைதாம், ஆனால் சூடேற்றினால் தங்களுக்குள் இணை மாற்றிக்கொள்ளும். கோலாட்டத்தில் ஒருவர் கோல் இன்னொருவர் கோலைத் தட்டி, அடுத்த தட்டுக்கு வேறொருவரிடம் நகர்கிறது, வட்டம் கலைவதில்லை. அதைப்போல, பிணைப்புகளின் எண்ணிக்கை குறையாமலே பொருள் புது வடிவத்துக்கு இளகிக் கொடுக்கிறது. ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் 2015இல், வணிகச் சந்தையில் கிடைக்கும் புரோமோபியூட்டைல் ரப்பரையே எடுத்து, அதில் அயனிக் கவர்ச்சி கொண்ட தொகுதிகளை இணைத்து, வெட்டினால் தானே கூடும் ரப்பராக மாற்றினார்கள். புதிதாக ஒன்றையும் படைக்காமல், ஆலையில் இருக்கும் சரக்கைக் கொண்டு செய்தது அது என்பதால் எனக்கு அது கூடுதலாகப் பிடிக்கும்.

இவை எல்லாவற்றிலும் என்னை மிகவும் கவர்வது கந்தகத்தின் மறுவருகை. இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு, கரிமச் சங்கிலியின் பிணைப்பைவிட வலுக்குறைந்தது. பிரிந்து, வேறொரு கந்தகத்தோடு சேரும் இயல்பு அதற்கு உண்டு. ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் உள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று, இத்தகைய இரட்டைக் கந்தகப் பிணைப்புகளைக் கொண்ட ரப்பரை உருவாக்கியது. அறுத்துச் சேர்த்து வைத்தால் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்தில் 97 விழுக்காடு வலிமை திரும்பிவிடுகிறது. சீனாவின் குவாங்சோவில் 2015இல் இன்னும் ஒரு படி சென்றார்கள். கந்தகத்தால் வல்கனைஸ் செய்த வழக்கமான ரப்பரில் செம்பின் குளோரைடு உப்பைக் கலந்து சூடேற்றியபோது, அதிலுள்ள கந்தகப் பாலங்களே இடம் மாறிக்கொண்டு விரிசலை மூடின. குட்இயர் போட்ட முடிச்சுக்குள்ளேயே அவிழும் நுனி ஒன்று இருந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க நமக்கு ஏறத்தாழ 175 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு, நாளையே பஞ்சர் கடைகள் மூடப்படும் என்று எவரும் எண்ண வேண்டாம். தானே ஆறும் டயர் என்று அவ்வப்போது வரும் செய்திகளைக் கண்டால் எனக்குச் சற்றே எரிச்சல் வருகிறது. ஏற்கெனவே குவிந்து கிடக்கும் டயர்களில் ரப்பரோடு கரித்தூளும் எஃகுக் கம்பியும் துணி இழைகளும் பின்னிக் கிடக்கின்றன. ஒரு வேதிமுறை அவற்றை எல்லாம் தனித்தனியே பிரித்துத் தந்துவிடாது. புதிய ரப்பர்களுக்கோ வேறொரு குறை உண்டு. எளிதில் அவிழும் பிணைப்பு எளிதில் நழுவும். மூலக்கூறுகள் இடம் மாற வழி இருந்தால்தான் வெட்டுக்காயம் ஆறும். அதே வழியாக, பாரம் ஏற்றி நிறுத்திய பொருள் நாள்பட நாள்பட மெல்ல நீண்டு வடிவிழக்கும். நின்ற இடத்தில் தட்டையாகிப் போகும் டயரை லாரிக்காரர் யாரும் வாங்கமாட்டார். ஓடும்போது உறுதியாகவும், நாம் விரும்பும் வெப்பத்தில் மட்டும் நெகிழ்வாகவும் இருக்கும் பிணைப்பு வேண்டும். அங்கே தான் ஆய்வு இப்போது நிற்கிறது.

குட்இயர் உயிரோடு இருந்து, லைப்லரின் ரப்பர்த் துண்டு ஒன்றை அவர் கையில் கொடுத்தால் என்ன செய்வார் என்று சில சமயம் எண்ணிப் பார்க்கிறேன். அறுத்துச் சேர்த்துப் பார்த்து மகிழ்வார் என்பது உறுதி. மகிழ்ந்ததும், இதில் 150 அஞ்சல் பைகள் செய்து, கோடையில் ஒரு வெப்பமான அறையில் கைப்பிடிகளில் தொங்கவிட்டு, அறையைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் காத்திருப்பார்.